உம் மகளுக்குப் பத்து ரூவா, உனக்குப் பத்தாயிரம்

"ரெண்டு புள்ளைய வளக்குறதுக்குள்ள முழி பிதுங்குது மாமா"ன்னு போன்ல பொலம்புனியே மாப்ளே, அதைக் கேட்டதுலருந்து எனக்குக் கஞ்சி எறங்கலை. உங்க அத்தை வேற, "ஏழு பெத்த கெழவி பேரன் ரெண்டுக்கே இந்த அழுகை அழுகுறானே"ன்னு மூக்கைச் சிந்துறா. பேசாம இருந்துரலாம்னுதான் பார்த்தேன். ஆனா தாய்மாமனாப் பொறந்து தொலைச்சிட்டேன். சீரு செய்யவும் புத்தி சொல்லவும் எனக்குத்தான் பாத்தியதை. சீரு செய்ய இப்ப கையில துட்டு இல்லை. அதனால புத்தி சொல்லிப்புடுறேன்.

மொதல்ல போன ஞாயித்துக்கெழமைக் கணக்கைப் பாப்போம். மாலுக்குப் போனீங்க. சரி. வண்டி நிறுத்துறதுக்கு ஒரு காசு. உள்ள போனா ஒரு கூண்டு, கூண்டு நெறையா பிளாஸ்டிக் பந்து, அதுக்குள்ள புள்ளைய எறக்கிவிட மணிக்கு இம்புட்டுன்னு ஒரு காசு. சும்மா எறக்க முடியாது, காலுக்கு சாக்ஸ் மாட்டணும். வீட்ல நாலு சோடி கெடந்தாலும் செல்லாது, அடியில புள்ளி புள்ளியா ரப்பர் வெச்ச அந்தக் கடை சாக்ஸ்தான் மாட்டணும். அதுக்குத் தனிக்காசு. புள்ளைக பந்துக்குள்ள நீச்சல் அடிக்குதுக. நீயும் எம் மகளும் (உம் பொண்டாட்டி எனக்கு மக முறைதானப்பா) வெளிய நின்னு ஆளுக்கொரு போனைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. போன் பாக்குறதுக்கு வீட்டுத் திண்ணை பத்தாதா? அங்க காத்தாவது வரும்.

அப்புறம் படம், படத்துக்கு எடவேளை, எடவேளைக்குச் சோளப்பொரி. 2024 டிசம்பர்ல டெல்லிக்காரவுக ஜி.எஸ்.டி. கூட்டம் போட்டு இந்தச் சோளப்பொரிக்கே நாயம் பேசுனாய்ங்க தெரியும்ல? உப்பு மசாலா போட்டு அளந்து குடுத்தா 5 சதவீதம், சீனிப்பாகு ஊத்துனா 18 சதவீதம்னு வெளக்கம் சொன்னாய்ங்க. நம்ம உசிலம்பட்டிச் சந்தையில விக்கிற கெழவி படியில அளந்து, தலையில ஒரு கொசுறும் போட்டு, "போட்டும் சாமி, புள்ளை திங்கட்டும்"னு குடுப்பா. அவ எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

இதெல்லாம் முடிஞ்சு ராத்திரி பேத்திகிட்ட போன்ல கேட்டேன். "தாயி, மாலுக்குப் போனியே, எதும்மா ரொம்பப் புடிச்சது?" அவ யோசிக்கவே இல்லை. "எஸ்கலேட்டர் தாத்தா. ஏறி ஏறி எறங்குனேன்." பேரனைக் கேட்டேன். வண்டி நிறுத்துற எடத்துல ஒரு பூனை குட்டி போட்டிருந்துச்சாம். ரெண்டும் ஓசி, மாப்ளே.

அதனாலதான் சொல்றேன். புள்ளைக்கு ஆகுற செலவு வேற, புள்ளைய வெச்சு நீ பண்ற செலவு வேற. மொதச் செலவு பத்து ரூவா, அடுத்ததுக்குத்தான் பத்தாயிரம் போகுது. ரெண்டையும் கூட்டி புள்ளைக தலையில எழுதிப்புட்டு "வளக்க முடியலை"ங்குறே. அதுக இன்னும் கணக்குக் கேக்குற வயசுக்கே வரலை, எதுத்தா பேசப்போகுதுக?

கோவப்படாதே. இன்னும் இருக்கு.

பேரனுக்குக் காது குத்துனோம்ல, அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. பஸ் ஸ்டாண்டுலருந்து மண்டபம் வரைக்கும் பேனரு. ஒரு வயசுப் பயலுக்குக் கருப்புக் கண்ணாடி, பின்னாடி ஒரு சிங்கம், கீழ ரெண்டு வரிசைக்கு உஞ் சிநேகிதக்காரப் பயலுக பாஸ்போர்ட் போட்டோ. "எங்கள் வருங்காலமே!"ன்னு எழுதிருந்துச்சு. வருங்காலத்தைத் தூக்கிக்கிட்டு நான்தான் அந்தப் பக்கமா வந்தேன். தன் படத்தைத் தானே பாத்துப் பயந்து எந்தோள்ல ஒண்ணுக்குப் போனான் பய. மடியில உக்கார வெச்சேன், ஆசாரி வந்தாரு, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள குத்திப்புட்டு தட்டுக் காணிக்கையை வாங்கிட்டுக் கெளம்பிட்டாரு. கணக்குப் பாத்தா, காதுல போட்ட ஓட்டைக்கு ஆன செலவு, பேனருக்கு நட்ட சவுக்குக் கம்பு வாடகைக்குக் காணாது.

"அதான் மொய் வந்துருச்சுல்ல மாமா"ன்னு சொன்னே. வந்துச்சு. அந்த மொய் நோட்டை நீ வரவு நோட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கே, அது கடன் நோட்டுய்யா. ஐநூத்தி ஒண்ணு எழுதுனவன் வீட்டு விசேசத்துக்கு நீ ஐநூத்தி ஒண்ணே எழுதிட்டு வந்தீன்னா அடுத்த நாலு வருசத்துக்கு அவன் பொண்டாட்டி அதைச் சொல்லிக் காட்டுவா. கூடப் போட்டுத்தான் எழுதணும். ஆக, வட்டியோட வாங்குன கடன்ல விருந்து வெச்சிருக்கே. பாங்குக்காரனாவது தவணைத் தேதி சொல்லுவான். நம்ம சனமெல்லாம் ஒரே முகூர்த்த நாள்ல ஒண்ணா வந்து நிக்கும்.

அந்த விழாவுல பிரயோசனப்பட்டது ஒண்ணே ஒண்ணு. பேனரைச் சுருட்டி நான் கொண்டாந்து வைக்கப்போருக்கு மேல போட்டுருக்கேன். ரெண்டு மூணு மழைக்காலம் ஆச்சு, சொட்டுத் தண்ணி எறங்கலை. உம் மகன்தான் கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வைக்கலுக்குக் காவல் இருக்கான்.

பேத்தி பொறந்தநாளுக்கு மூணு உடுப்பு மாத்துனீங்களாமே? காலையில ஒண்ணு, கேக்கு வெட்ட ஒண்ணு, போட்டோவுக்கு ஒண்ணு. நீ குடியிருக்குற ஊரு எந்த ஊருன்னு ஒருக்கா நெனச்சுப் பாரு. 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில தங்கியிருந்தப்பத்தான்யா காந்தி சட்டையைக் கழட்டிப்புட்டு அரைவேட்டிக்கு மாறுனாரு. ஒருத்தரு உள்ள துணியைக் கொறைச்ச ஊர்ல, இன்னொருத்தரு ஒரு நாளைக்கு மூணு. போகட்டும், மதுரையில எல்லாத்துக்கும் எடம் இருக்கு. ஆனா ஒண்ணு, பச்சப்புள்ளைக்கு மொதமொத உடுத்துறது பழந்துணியாத்தான் இருக்கணும்னு நம்ம பக்கம் வழக்கம். நல்லா வாழ்ந்த கெழவன் கெழவி வேட்டி சேலையைத் தேடிக் கிழிப்பாக. ஆயுசு கெட்டிப்படும்பாக. வெள்ளாவியில நூறு தடவை வெளுத்த துணி பூவாட்டம் இருக்குங்குறது வேற விசயம். இன்னைக்கு அண்ணன் புள்ளை சட்டையைத் தம்பி புள்ளைக்குப் போட்டா கௌரவம் கொறையுதாம். ஆறு மாசத்துல கட்டையாப் போற சட்டைக்குக் கௌரவம் எங்கருந்து வந்துச்சு?

"அப்ப புள்ளைகளை எங்கதான் கூட்டிட்டுப் போறது?"ன்னு கேப்பே. கேளு, அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.

2021 மே மாசத்துலருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் கெடையாது. எம் மகளுக்கும் பேத்திக்கும் ஓசி. அஞ்சு வயசுக்குள்ள இருக்குற புள்ளைக்கும் டிக்கெட் இல்லைன்னு அடுத்த வருசமே சொல்லிப்புட்டாய்ங்க, பயலுக்கு இப்பத்தான் நாலு. ஒரு குடும்பமே பஸ் ஏறுனா டிக்கெட் எடுக்க வேண்டிய ஒரே ஆளு நீதான். இந்தக் கொடுப்பினை எங்க காலத்துல எவனுக்கு இருந்துச்சு? நீ என்னடான்னா காரை எடுத்துக்கிட்டு, பெட்ரோலு போட்டு, நிறுத்த எடம் தேடி, போலீசுக்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வாரே.

பஸ்ல ஏறித் தமுக்கத்துப் பக்கம் எறங்கு. ராணி மங்கம்மா அரமனை, 1959ல நேரு வந்து காந்தி மியூசியமாத் தொறந்து வெச்சாரு. உள்ள போகக் காசு இல்லை. காந்தி சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த ரத்தம் பட்ட துணி இருக்கு. அங்க நிக்கிறப்ப எந்தப் புள்ளையும் ஐஸ்கிரீம் கேக்காது. அங்கருந்து நத்தம் ரோட்ல கலைஞர் நூலகம், 2023 ஜூலையில தொறந்தது. புள்ளைகளுக்குன்னே தனிப் பகுதி, படம் போட்ட புத்தகம், உக்காந்து படிக்க எடம், சில்லுன்னு ஏசி. மால்ல நீ காசு குடுத்து வாங்குற அதே குளிரை கவர்மெண்டு சும்மா குடுக்குது. பேத்தி படிக்கட்டும், நீ அந்த ஏசியில ஒரு தூக்கம் போடு, யாரும் கேக்கமாட்டாக. கொறட்டை மட்டும் ஆகாது.

இன்னொரு வாரம் கீழடிக்குக் கூட்டிட்டுப் போ. மண்ணைத் தோண்டுனா ரெண்டாயிரம் வருசத்துக்கும் முந்துன வீடு, கெணறு, உறை எல்லாம் வருது. அதை வுடு. அங்க ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னாடி புள்ளைகளை நிறுத்து. வட்டச்சில்லு வெச்சிருப்பாக. ஒடைஞ்ச பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைக் கல்லுல தேச்சுத் தேச்சு வட்டமாக்குன சில்லு. நொண்டி அடிக்கிறதுக்கு எவளோ ஒரு பொண்ணு உக்காந்து தேச்சிருக்கா. பானை ஒடைஞ்சதுக்கு அவ ஆத்தா முதுகுல ரெண்டு வெச்சிருப்பா, இவ அந்த ஓட்டையும் வீணாக்காம வெளையாட்டுச் சாமானாக்கிப்புட்டா. பகடைக் காயும் கெடச்சிருக்கு. வெளையாட்டுச் சாமானைத் தவணையில வாங்குன ஆளு அந்தக் காலத்துல இருந்ததா ஒரு தடயமும் கெடைக்கலை.

தவணைன்னதும் ஞாபகம் வருது. பயலுக்கு வாங்குன பேட்டரி காரு "வட்டியில்லாத் தவணை"ன்னியே. அப்படி ஒரு சரக்கே ஒலகத்துல கெடையாது, வட்டியை வேற பேர்ல வாங்குறாகன்னு 2013லயே ரிசர்வ் வங்கி பாங்குகளைக் கூப்பிட்டு வைஞ்சுருச்சு. உனக்கு மட்டும் சும்மா குடுக்க அவுக என்ன உன் தாய்மாமனா? தாய்மாமனே குடுக்கலை, பாத்தேல்ல.

ரயில்ல கூட்டிட்டு வாயேன்யா இங்க. நம்ம போடி ரயிலை 2010 கடைசியில நிறுத்துனாய்ங்க. தண்டவாளத்தை அகலமாக்குறோம்னு சொல்லி, ஒரு தலைமுறைப் புள்ளைக ரயிலு பாக்காமயே பள்ளிக்கூடம் முடிச்சிருச்சுக. 2022ல தேனி வரைக்கும், 2023 ஜூன்ல போடி வரைக்கும் திரும்ப வந்துச்சு. அஞ்சு வயசுக்குள்ள டிக்கெட் இல்லை, பன்னெண்டு வரைக்கும் அரை டிக்கெட்டு. ஜன்னல் ஓரத்துல உக்கார வெச்சீன்னா ஆண்டிபட்டிக் கணவாயில ரெண்டு பக்கமும் மலை ஒரசுற மாதிரி வரும். புளிச்சோத்தை மொத நாளே கிண்டி, வாழையிலையை அனல்ல வாட்டிக் கட்டிக்கிட்டு வா. பொட்டலம் பிரிக்கிறப்ப வர்ற வாசத்துக்கு அந்தப் பெட்டியில இருக்குற அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாக்கணும். ஆண்டிபட்டியில எறங்குனா வைகை அணை. 71 அடின்னு பேப்பர்லயும் டிவியிலயும் சொல்றாகளே, அந்த 71 எங்க வரைக்கும் வரும்னு புள்ளைகளுக்கு மேல நின்னு காட்டு. 1959லருந்து தண்ணி தேக்குற அணை, இன்னைக்கு வரைக்கும் அதைப் பாத்து வாய் பொளக்காத புள்ளைய நான் பாக்கலை.

இப்ப துட்டு சேக்குற சங்கதிக்கு வாரேன். இதை உனக்குச் சொல்லிப் புரியாது, பல்லாங்குழி ஆடித்தான் காட்டணும். போன லீவுக்கு பேத்தி வந்தப்ப உங்க அத்தை பரண்ல கெடந்த பலகையை எறக்குனா. பக்கத்துக்கு ஏழுன்னு பதினாலு குழி. எங்க வழக்கத்துல குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி வரிசையா ஒண்ணொண்ணாப் போட்டுக்கிட்டே வரணும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளணும். அள்ளப் போற குழி வெறுங்குழியா இருந்தா, அதைத் தொடச்சுப்புட்டு அதுக்கு அடுத்த குழியில இருக்குறதை எடுத்துக்கிட்டு ஆட்டத்தை விட்டுரணும். நடுவுல ஒரு சூட்சுமம் இருக்கு. போட்டுக்கிட்டே வர்றப்ப ஏதாச்சும் குழியில நாலு சேந்துச்சுன்னா அது பசு. பசுவை உடனே எடுத்து மடியில போட்டுக்கணும். பேசிக்கிட்டு இருந்து விட்டுட்டீன்னா அடுத்த சுத்துல அது அஞ்சாயிரும், அப்புறம் பசு இல்லை, பொதுக்கொட்டை, எவ அள்ளுறாளோ அவளுக்கு.

உங்க அத்தைக்குக் கண்ணு மொதநாளே மங்கல்தான். பேத்தி அள்ளோ அள்ளுன்னு அள்ளுனா. அள்ளுன ஜோர்ல நாலு சேந்த குழியைக் கவனிக்கலை. கெழவி ஒண்ணுமே அள்ளலை, பசுவை மட்டும் எடுத்து எடுத்து மடியில கட்டிக்கிட்டே இருந்தா. சாயந்தரம் எண்ணிப் பாத்தா புள்ளைகிட்ட கொட்டையே இல்லை. அழுதுச்சு. மறுநாளு ஒரு பசுவை விடலை. மூணாம் நாளு கெழவி தோத்து, கண்ணு மேல பழியைப் போட்டுட்டா.

நீ மொதநாளுப் பேத்தி மாப்ளே. சம்பளம் வந்த அன்னைக்கு அள்ளி அள்ளிக் குழி குழியாப் போடுறே, மாசக் கடைசியில வெறுங்குழியைத் தொடைக்கிறே. பசு எங்க? பேத்தி பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு இருக்கான்னு கேட்டா "ஆரம்பிக்கணும் மாமா"ங்குறே. 2015லருந்து அந்தத் திட்டம் இருக்கு. பத்து வயசுக்குள்ள ஆரம்பிக்கணும், இவளுக்கு ஏழாச்சு. வருசத்துக்கு 250 ரூவா கட்டுனாலும் கணக்கு உயிரோட இருக்கும், ஒன்றரை லட்சம் வரைக்கும் கட்டலாம். கட்டுறது 15 வருசம், முதிர்ச்சி 21 வருசம். பதினெட்டு ஆச்சுன்னா படிப்புக்குப் பாதி எடுத்துக்கலாம். 2024 ஜனவரியில வட்டியை 8.2 சதவீதமாக்குனாய்ங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா கவர்மெண்டு வட்டியைச் சொல்லும். இதே வட்டி நிக்கிதுன்னு வெச்சுக்கிட்டு, மாசம் ஆயிரம் கட்டுனா நீ போட்டது ஒரு லட்சத்து எம்பதாயிரம், கையில வர்றது அஞ்சரை லட்சத்துக்குப் பக்கம். இன்னொண்ணு கேளு, மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள கட்டிப்புடணும். ஆறாந்தேதி கட்டுனா அந்தப் பணத்துக்கு அந்த மாச வட்டி போச்சு. நாலுல பசு, அஞ்சைத் தாண்டுனா பொதுக்கொட்டை. போஸ்ட் ஆபீசுக்காரவுக உங்க அத்தைகிட்ட ஆடிப் பழகியிருப்பாகளோ என்னமோ.

பயலுக்கு அதே போஸ்ட் ஆபீஸ்ல பி.பி.எப். போடு, வருசத்துக்கு 500 போதும். நகைன்னு எடுத்துக்கிட்டு வந்துராதே. செய்கூலி, சேதாரம், வரின்னு மூணு பேருக்குப் படியளந்து வாங்குன கொலுசு, மோதிரம் எல்லாம் ரெண்டு வருசத்துல புள்ளைக்குப் பத்தாது. மாத்தப் போனா மறுபடியும் சேதாரம். குண்டுமணித் தங்கம் பெரியவளானதும் வாங்கிக்கலாம்.

பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசுனா உனக்கு மூஞ்சி சுருங்கும். சுருங்கட்டும். எல்.கே.ஜி.க்கு நீ கட்டுன பணத்துல நான் ஒரு நல்ல கறவை மாடு வாங்கி, வருசம் பூரா உம் மகனுக்குப் பாலும் குடுத்திருப்பேன். கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல சேருன்னு சொல்ல எனக்குத் தெம்பில்லை; நீ கேக்கவும் மாட்டே. அதனால ஒரு திருட்டு வழி சொல்றேன். அஞ்சாவது வரைக்கும் டை கட்டி ஊருக்குக் காட்டிக்க. ஆறாவதுல சத்தமில்லாம கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்கு மாத்திப்புடு. ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அங்க படிச்சாத்தான் டாக்டர் படிப்புல அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 2020ல வந்தது. பொண்ணு காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூவா.  சொந்தக்காரன் எவனாச்சும் "எங்க படிக்குது?"ன்னு கேட்டா, "ஸ்டேட் கவர்மெண்ட் ஸ்கீம்ல செலக்ட் ஆயிருக்கா"ன்னு இங்கிலீசுல சொல்லு. அவன் வீட்டுக்குப் போயி தன் புள்ளைய வைவான்.

கடைசியா ஒரு சேதி. சம்மர் கேம்புக்கு பதினஞ்சு நாளைக்குப் பணம் கட்டப் போறேன்னு எம் மக சொன்னா. மண்ணுல உருட்டுறது, சாயம் பூசுறது, "மோட்டார் ஸ்கில்" வளக்குறது, அதானே? கட்டாதே. இங்கயும் கேம்பு நடக்குது, பங்குனி கடைசியில ஆரம்பிச்சு சித்திரை முடிய. வீட்ல மூணு மூட்டை புளி எறங்கிருக்கு. ஓடு ஒடைச்சு, நாரு உரிச்சு, கல்லுல வெச்சுச் சின்னச் சுத்தியால ஒரு தட்டுத் தட்டுனா கொட்டை தனியாத் துள்ளி விழுகும். வெரலுக்கு அதை விட வேலை உண்டா? விழுகுற கொட்டை பல்லாங்குழிக்கு ஆச்சு, கணக்குப் பாடம். மிச்சக் கொட்டையை வாங்க வியாபாரி வருவான், அது வணிகப் பாடம். இடையில நுங்கு வெட்டித் தின்னுட்டு, மிஞ்சுற நுங்குக் கூந்தல் ரெண்டைக் குச்சியில கோத்து வண்டி ஓட்டிக்கலாம், அது என்னமோ இஞ்சினீரிங்குன்னு சொல்லிக்க. கொட்டை எடுத்த புளிக்குச் சந்தையில வெலை கூடக் கெடைக்கும், ஆனா அதுக்கும் கேம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நீ அதையெல்லாம் யோசிக்காதே.

பீசு ஒண்ணும் வேணாம். புள்ளைகளைக் கொண்டாந்து விடுறப்ப எனக்கு ரெண்டு கவுளி சோழவந்தான் வெத்தலை, உங்க அத்தைக்கு ஒரு கண்ணுச் சொட்டு மருந்து, அம்புட்டுத்தான். விட்டுட்டு ஒடனே பஸ் ஏறிராதே. பெரிய ஆளுகளுக்கும் அட்மிசன் உண்டாம், சுத்தி ரெண்டு இருக்குன்னு உங்க அத்தை சொல்றா.